ஒரு சஹனுக்கு ஆறு பேர்

ஆறாவது ஆளா சபூறா வந்து பாயில குந்தினதுதான் தாமதம், ஜுனைதா சஹனை விட்டு எழும்பிட்டா.

முனவ்வறாட மகள்ட கலியாண வீடு. எங்கட ஊர் வழக்கப்படி ஆறு பேருக்கு ஒரு சஹன். அந்தப் பெரிய தட்டில நெய்ச்சோறும் இறைச்சியும் ஆவி பறக்குது.

"எங்க கா போறாய்?" எண்டு கேட்டன்.

"நீங்க தின்னுங்க" எண்டு முக்காட்டால வாயைப் பொத்திக்கிட்டு சோறாக்கிற குசினிப் பக்கம் போயிட்டா.

வாயைப் பொத்துறாவாம். எனக்கு வந்த ஆத்திரம்.

விசயம் என்னெண்டா, போன கிழமை சபூறா ரேடியோவில கதைச்சா. ஒளிக்கல்ல, சொந்தப் பேரைச் சொல்லித்தான் கதைச்சா. கட்டார்ல இருந்து வந்த புருசன் மௌத்தாகி, அடக்கம் பண்ணின பொறகுதான் தனக்கும் எச்.ஐ.வி. எண்டு தெரிஞ்சதாம். யுத்தம் முடிஞ்சு ரோட்டெல்லாம் திறந்த பொறகு கொழும்புக்குப் போய் மருந்து எடுக்கிறாவாம். கடைசியில, "உங்கட ஆசை என்ன?" எண்டு அறிவிப்பாளர் கேட்டார்.

"கலியாண வீட்டில ஆக்களோட ஒரு சஹன்ல இருந்து தின்னணும். வேற ஒண்டுமில்ல" எண்டா.

கேட்டு நான் அழுதுட்டன். சுனாமிக்குப் பொறகு கேம்பில ஒரே சட்டிச் சோத்தைத் தின்ட ஆக்கள் நாங்க. மருதமுனையில எங்கட வீட்டுத்திட்டமே அழுதிச்சு. முனவ்வறா நேரே போய், "நீங்க கட்டாயம் வரணும் ராத்தா" எண்டு சொல்லிட்டு வந்தா.

அப்படி வந்த மனிசிட முகத்துக்கு நேரேயா எழும்பிப் போற?

சபூறா சோத்தையே பார்த்துக்கிட்டு இருந்தா. "நான் வேணுமெண்டா தனிப் பீங்கான்ல தின்னுறன்" எண்டா.

"சும்மா இரிங்க ராத்தா. உங்களோட நாங்க இரிக்கம். இவளை ரெண்டு கேள்வி கேட்டுட்டு வாறன்" எண்டு எழும்பினன்.

ஜுனைதா குசினியில கதவோரம் தனியா, ஒரு பீங்கானோட இருந்தா.

"உனக்கு அல்லாஹ்ட பயம் இல்லையா? ஒண்டா இருந்து தின்டா அந்த வருத்தம் தொத்தாதெண்டு ரேடியோவில படிச்சுப் படிச்சுச் சொன்னாங்களே, உனக்குக் காது கேக்கல்லையா?"

எனக்குப் பொறகால, எங்கட சஹன்ல இருந்த ஹப்ஸா வந்து நிண்டா. "நல்லாக் கேளு கா. நானும் அதுக்குத்தான் வந்தன்."

அவக்குப் பொறகால, அதே சஹன்ல இருந்த முனவ்வறாட தங்கச்சிமார் ரெண்டு பேரும். அவங்களுக்கும் ஆத்திரம் தாங்கல்லையாம்.

ஜுனைதா பதில் சொல்ல வாயெடுத்தா, இருமல் வந்திட்டு. விடாம இருமினா. தண்ணி குடிச்சிட்டுத்தான் கதைச்சா.

"மூணு நாளா இந்த இருமல். அவட வருத்தம் சோத்தால நமக்குத் தொத்தாது, நம்மட சளி இருமல்தான் அவக்கு லேசாத் தொத்தும், தொத்தினா அவக்கு ஆபத்து எண்டு அதே ரேடியோவிலதானே டொக்டர் சொன்னார். அதான் கா எழும்பி வந்தன்."



ஜுனைதா எங்கட கைகளைப் பார்த்தா. நாலு பேர்ட கையிலயும் ஒரு சோத்துப் பருக்கை இல்ல.

"அது சரி, நீங்க எல்லாரும் இஞ்ச நிண்டா, அவவோட இருந்து தின்னுற ஆரு?" எண்டு கேட்டா.