பின் இருக்கையின் கனம்

பட்டறை வாசலில் பதித்திருந்த கல்லின் மேல் கார் ஏறி இறங்கியது. பின் இருக்கையில் இருந்தவளைத் தூக்கிப் போட்டதில் தலை கூரையில் இடித்தது.

கையைத் துடைத்தபடி வந்த ஸ்பிரிங் மேஸ்திரி அதைப் பார்த்துவிட்டார்.

முன் இருக்கையைப் பிரித்திருந்த கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், ஓட்டி வந்தவர் அதற்குள் இறங்கிப் போய் எஞ்சின் மூடியில் காதை வைத்திருந்தார். தோல் தொப்பி, தூசிக் கண்ணாடி, முழங்கை வரை எண்ணெய்.

டிரைவரண்ணே என்று கூப்பிட்டு எஞ்சினை அணைக்கச் சொல்லிவிட்டு, மேஸ்திரி வண்டிக்கு அடியில் நுழைந்தார். ஸ்பிரிங் பட்டைகளில் ஒரு கீறல்கூட இல்லையே, போன தடவை நானும் இன்னொருத்தனும் பின்னால் உட்கார்ந்து பார்த்தபோது தொட்டில் மாதிரிப் போனதே என்று அங்கிருந்தே புலம்பினார்.

வெளியே வந்ததும் கேட்டார். "பின்னாடி எத்தனை பேரும்மா உக்காருவீங்க?"

காருக்குச் சொல்லிவைத்த அன்று, விற்பனைக் கூடத்தில் அவளையும் கணவரையும் எடை மேடையில் ஏற்றினார்கள். பின்னால் உட்காருகிறவர்களின் கனத்தைப் பார்த்துத்தான் பட்டைகளை அடுக்குவார்களாம். மேடை குறுகலாக இருந்தது. அவள் விழாமலிருக்க அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். முள் ஆடி நிற்கும்வரை விடவில்லை.

இரண்டு பேர் என்றாள்.

மேஸ்திரி அவள் பக்கத்து இடத்தைப் பார்த்தார். அங்கே தோலில் ஒரு சுருக்கம்கூட விழுந்திருக்கவில்லை.

ஐயாவுக்கு வண்டி பிடிக்கவில்லையா என்று சிரித்தார்.

ரொம்பப் பிடிக்கும் என்றாள்.

ஒரே ஒரு பட்டையைக் கழற்றினால் போதும், தனியாகப் போக மெத்தை மாதிரி இருக்கும் என்றார். ஸ்பேனரைக்கூட எடுத்துவிட்டார்.

"ஆனா கழட்டிட்டா, அப்புறம் ரெண்டு பேர் உக்கார முடியாதும்மா. அடி தட்டிடும்."

அவளுக்கு இடுப்பு விட்டுவிட்டு வலித்தது. தலையை ஆட்டினால் போதும்.

இருக்கட்டும் என்றாள்.

மேஸ்திரி உள்ளே போனார். பெரிய மணல் மூட்டை ஒன்றைத் தூக்கி வந்து காலி இடத்தில் உட்கார வைத்தார். ஐயா வருகிறவரைக்கும் இவர் துணைக்கு வருவார் என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பை எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை.

ஓட்டுகிறவர் வண்டியின் முன்னால் இருந்த கைப்பிடியைச் சுற்ற, எஞ்சின் மறுபடி கிளம்பியது. அவர் ஏறி உட்கார்ந்தார். அவள், மூட்டை சரியாமலிருக்க அதன்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, மறு கையால் கண்ணாடித் தடுப்பைத் தட்டினாள்.

"என்னங்க, போகலாம்."

கதவைச் சாத்திக்கொண்டிருந்த மேஸ்திரியின் கை அப்படியே நின்றது.

தோல் தொப்பி திரும்பவில்லை. எஞ்சின் சத்தத்தில் எதையோ உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

வாசல் கல்லின் மேல் கார் தொட்டில் மாதிரி ஏறி இறங்கியது.