கமலாத்தாளுக்குத் தாடி எண்ணெய்

மனைவி தன்னைக் கொல்லப் போகிறாள் என்று மாரப்பனுக்குத் தெரிய வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது.

கேரள எல்லையில், வேலந்தாவளம் பக்கத்தில் அவருக்கு எட்டு ஏக்கர் தென்னந்தோப்பு. ஆனால் தோப்பைவிட மனைவி கமலாத்தாளின் கைப்பேசியைத்தான் அவர் அதிகக் கவனமாகப் பார்ப்பார். யார் கூப்பிட்டார்கள், எத்தனை நிமிஷம் பேசினாள், தங்கை போட்ட படத்துக்கு எதற்காக இதயம் அனுப்பினாள் என்று தினமும் காலையில் விசாரணை நடக்கும். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு, அவள் மாட்டைக் கவனிக்கப் போய்விடுவாள். ஒரு நாளும் எதிர்த்துப் பேசியதில்லை.

அன்று கைப்பேசியைத் திறந்ததும் ஒரு விளம்பரம் வந்தது. வாசனையே இல்லாத எலி மருந்து. விரலால் தள்ளினார். கணவர் பெயரில் ஒரு கோடிக்கு ஆயுள் காப்பீடு. மறுபடியும் தள்ளினார். பிணம் வைக்கும் குளிர்பெட்டி, வாடகைக்கு, வீட்டுக்கே வரும்.

மிச்சக் காப்பியை வாழை மரத்துக்கு ஊற்றினார் மாரப்பன். ஒருவர் எதைத் தேடுகிறாரோ அதைத்தான் விளம்பரமாகக் காட்டுவார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

அதன் பிறகு, "ஏனுங்க, சோறு ஆறுதுங்க" என்று அவள் கூப்பிட்டால், "மொதல்ல நீ உண்ணு" என்பார். கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாகக் கமலாத்தாள் கணவனுக்கு முன்னால் சூடாகச் சாப்பிட்டாள். அவரோ வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு, கடைவீதிப் பரோட்டாவிலும் வாழைப்பழத்திலும் காலம் தள்ளினார். வேட்டி இடுப்பில் நிற்காமல் போன பதினோராம் நாள், போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் கொடுத்தார்.

எஸ்.ஐ. டின்சி கமலாத்தாளை வரவழைத்து, கைப்பேசியை வாங்கிப் பார்த்தார். எலி மருந்து இருந்தது. காப்பீடும் இருந்தது. அவர் முகம் மாறியது.

"இதெல்லாம் நீங்க தேடினதா சேச்சி?"

"எனக்கென்னங்க தெரியும்? அக்கா மக மௌனிகாதான் இதுல என்னமோ போட்டுக் குடுத்தாளுங்க."

கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மௌனிகாவை ஸ்டேஷனிலிருந்தே போனில் கூப்பிட்டார்கள். விஷயத்தைக் கேட்டதும் அவள் சிரித்துவிட்டாள்.

"அது ஒரு செயலிங்க மேடம். வர்ற விளம்பரத்தையெல்லாம் அதுவாவே தட்டிக்கிட்டு இருக்கும். இப்படி ஆயிரக்கணக்குல பொய்யைக் கொட்டிட்டா, சித்தி நெசமா என்ன தேடறாங்கன்னு எந்தக் கம்பெனிக்காரனுக்கும் தெரியாதுங்க."

அந்தச் செயலி தட்டுமே தவிர எதையும் வாங்காது என்றும் சொன்னாள்.

டின்சி மேலும் தள்ளிக்கொண்டே போனார். விமானம் ஓட்டப் பயிற்சி வந்தது. ஒட்டகப் பண்ணை வைக்கக் கடன் வந்தது. தாடி அடர்த்தியாக வளர எண்ணெய் வந்தது, அதுவும் மூன்று கம்பெனியிலிருந்து. அவர் நிமிர்ந்து கமலாத்தாளின் முகத்தைப் பார்த்தார். பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த கான்ஸ்டபிள் ரிஜின், இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்.

"கம்பெனிக்காரனைக் குழப்பப் போட்டது வீட்டுக்காரரையும் குழப்பியிருக்கு" என்றார் டின்சி. "பேடிக்கண்டா சேட்டா, பயப்படாதீங்க. வீட்டுக்குப் போய் நல்லாச் சாப்பிடுங்க."

அந்தக் கைப்பேசியில் வந்த விளம்பரங்கள் எல்லாம் செயலியின் வேலை, கமலாத்தாளுக்கு அவற்றில் சம்பந்தமில்லை என்று ஒரு தாளில் எழுதினார்கள். மாரப்பன் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். இனிமேல் மனைவியின் கைப்பேசியைத் தொடுவதில்லை என்று ஒரு வரியை அவராகவே சேர்க்கச் சொன்னார். டின்சி முத்திரை குத்தினார். கமலாத்தாள் ஒரு பிரதியைக் கேட்டு வாங்கி, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

பஸ்ஸில் வரும்போது மாரப்பன் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, "மனசுல வெச்சுக்காத கமலா" என்றார்.

"அதெல்லாம் இல்லீங்க. பத்து நாளா வவுறு காஞ்சு கெடக்கறீங்க. வாங்க, ஊட்டுக்குப் போயி நல்லா உண்ணலாம்."

வீட்டுக்கு வந்ததும் அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி, நெய் ஊற்றி வைத்தாள். ஆவி பறந்தது. சந்தேகமெல்லாம் தீர்ந்த மனிதருக்குத்தான் அப்படிப் பசிக்கும். மாரப்பன் மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, இவ்வளவு ருசியாக இத்தனை வருஷத்தில் சாப்பிட்டதில்லை என்றார்.

ஒட்டகத்தையும் தாடி எண்ணெயையும் செயலிதான் தட்டியது. எலி மருந்தை மட்டும் கமலாத்தாள் தன் விரலாலேயே தட்டி வாங்கியிருந்தாள்.