ஜேமர்சனுக்கு அடுத்து

"பேஸ் கிட்டார்ல ஜேமர்சனுக்கு அடுத்து யாரு? அத மட்டும் சொல்லு!" என்று கத்தினார் ரூஸ்வெல்ட்.

"ஏன், ஜேமர்சன எதுக்கு விட்டுட்டீங்க?" என்றான் தபால்காரன் டெரல்.

"அவரு சாமிடா. சாமியப் போய் யாராவது போட்டியில சேர்ப்பாங்களா?"

"அப்போ ஜாக்கோ."

"அவரு ஃபுளோரிடாக்காரரு. நம்ம டெட்ராய்ட்ல பேஸ் கிட்டார் வாசிச்சவங்களப் பத்திப் பேசு. ஹோரஸ் டில்மன்! வேற யாரு இருக்கா?"

ஓடெலின் முடிதிருத்தும் கடையில் சனிக்கிழமைக் கூட்டம். தெருவின் எதிர்ப்பக்கச் சுவரில் ஹோரஸ் டில்மனின் இளவயது முகம் இரண்டு மாடி உயரத்துக்கு எழுந்திருந்தது. ஓவியர் ஏணியில் நின்று சட்டைக் காலருக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தார். இனி பெயர் மட்டும்தான் பாக்கி. நாளை சர்ச் முடிந்ததும் திறப்பு விழா. விழாக் கமிட்டித் தலைவர் ரூஸ்வெல்ட்தான்.

"ஹோரஸா? அவன் மூணாந்தரம்."

குரல் சவர நாற்காலியிலிருந்து வந்தது. முகமெல்லாம் சோப்பு நுரையோடு ஒரு கிழவர். வெளியூர்க்காரர். அரைமணி நேரம் முன்புதான் பையோடு உள்ளே வந்திருந்தார்.

கடையே திரும்பிப் பார்த்தது.

"என்ன சொன்னீங்க?" என்றார் ரூஸ்வெல்ட்.

"காது கேக்கலையா? மூணாந்தரம். அந்த முகத்த அழிச்சிட்டு வெண்டல் மாஸ் முகத்த வரையச் சொல்லு."

"பெரியவரே, கத்தி கழுத்துல இருக்கு. அசையாதீங்க" என்றார் ஓடெல்.

ரூஸ்வெல்ட் எழுந்தே விட்டார். "'வாசல் வரைக்கும் வா' பாட்டுல பேஸ் வாசிச்சவரு மூணாந்தரமா? அந்த ஒரு பாட்டுக்காகத்தான்யா இந்தச் சுவர்ப் படமே!"

"அத வாசிச்சது ஹோரஸ் இல்ல. வெண்டல்."

"வெண்டலா? அவன் ஸ்டூடியோவுக்குப் பெட்டி தூக்கினவன். அப்புறம் கார் ஃபேக்டரியில பெயின்ட் அடிச்சே செத்தான். வெண்டலுக்கு நீங்க யாரு, மச்சானா?"

"யாரா இருந்தா உனக்கென்ன? ஓடெல், அந்தப் பாட்டப் போடு."

ஓடெல் கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு இசைத்தட்டைச் சுழலவிட்டார். ஆடாத தலையில்லை. கிழவர் மட்டும் நாற்காலிக் கையை ஓங்கி அடித்தார்.

"ஆடாதீங்கடா! கேளுங்க! ஹோரஸ் ரெண்டு விரலால வாசிப்பான். அவசரக்குடுக்கை. டிரம் தாளத்துக்கு முன்னாடி ஓடுவான். இங்க ஒத்த விரல். டிரம்முக்கு ஒரு மயிரிழை பின்னாடி நிக்குது பாரு. அந்த மயிரிழையிலதான் இந்தப் பாட்டே இருக்கு. ஹோரஸுக்கு ஏழு ஜென்மம் எடுத்தாலும் அது வராது!"

டெரலின் தலையாட்டம் நின்றது. "ஒத்த விரல் மாதிரிதான் கேக்குது…"

"நீ சும்மா இருடா" என்றார் ரூஸ்வெல்ட். "ஸ்டூடியோ ரெஜிஸ்டரையே பார்த்துட்டோம். அந்தத் தேதியில ஹோரஸ் டில்மன்னு கொட்டை எழுத்துல இருக்கு."

"அந்த ரெஜிஸ்டர முந்தின நாளே எழுதி வெச்சுடுவாங்கய்யா! யாரக் கூப்பிட்டாங்களோ அவன் பேரு. மறுநாள் வந்தவன் யாருன்னு எவன் திருத்தினான்? இசைத்தட்டு அட்டையிலயும் வாசிச்சவன் பேரு போட மாட்டாங்க. பாடினவ படம் மட்டும்தான்."

"ஹோரஸும் இதையேதான் எழுதினாரு" என்றார் ரூஸ்வெல்ட். அவர் குரல் சற்று இளகியது. "கலிஃபோர்னியாவுல இருந்து ரெண்டு கடிதம். 'வாசிச்சது நான் இல்ல, வெண்டல்'னு. கமிட்டியில படிச்சப்போ எல்லாரும் அழுதுட்டோம். செத்துப்போன கூட்டாளிக்குத் தன் பேரையே தூக்கிக் கொடுக்கிறாரே, எப்பேர்ப்பட்ட அடக்கம்! அதுக்கப்புறம்தான் சுவர்ப் படம் இன்னும் ஒரு மாடி பெருசாச்சு."

"அடக்கமா?" கிழவரின் கழுத்து நரம்பு புடைத்தது. "எழுதினத எழுதினபடி நம்புறதுக்கு உங்களுக்கென்ன கேடு? வெண்டலோட பொண்ணு இந்தத் தெருவுலதான்டா பஸ்ஸுக்கு நிக்குது. அப்பன் வாசிச்ச பாட்டுக்கு எவன் மூஞ்சியையோ தினம் அது அண்ணாந்து பார்க்கணுமா?"

"எவன் மூஞ்சியோவா? வார்த்தைய அளந்து பேசுங்க!"

"அவன் திருடன்! அம்பது வருஷமா வாய மூடிட்டு மாலை வாங்கினவன் திருடன்தான்!"

மூன்று பேர் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். டெரல் நடுவில் கையை விரித்து நின்றான். ஓடெல் கத்தியை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"என் கடையில அடிதடி கூடாது! சொல்லிட்டேன்!"

ரூஸ்வெல்ட் எல்லோரையும் விலக்கிவிட்டு நாற்காலிக்கு முன்னால் வந்து குனிந்தார். "ஒரே கேள்வி, பெரியவரே. பாட்டு பதிவான அன்னிக்கு நீங்க ஸ்டூடியோவுல இருந்தீங்களா?"

கிழவர் எதிர்ச் சுவரை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்.

"இல்ல."

கடை கொல்லென்று சிரித்தது. ரூஸ்வெல்ட் கையைத் தட்டினார். "கேட்டீங்களாய்யா! இவரு அங்க இல்லவே இல்லையாம். இல்லாத ஆளு இவ்வளவு நேரமா அடிச்சுப் பேசினாரே, எந்த தைரியத்துல?"

கிழவர் கழுத்துத் துண்டை உருவி, நுரையை வழித்துத் தரையில் எறிந்தார்.

"வீட்டுல குடிச்சிட்டுக் குப்புறக் கிடந்தேன், அந்த தைரியத்துலதான்" என்றார் ஹோரஸ் டில்மன்.