கணவர் நிரப்பிய பக்கம்

வேங்கிக்கால் கிளினிக்கில், ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஆதிலட்சுமி கம்ப்யூட்டர் முன்னால் தனியாக உட்கார்ந்து ஞாபகசக்திப் பரிசோதனை செய்துகொண்டிருக்கிறாள். ஜன்னல் வெயில் திரையில் விழுந்து கண் கூசுகிறது. படங்களை ஜோடி சேர்த்து முடித்ததும் மவுஸை எங்கோ தவறாக அழுத்திவிட, கணவர் அருணகிரி அவளைப் பற்றி நேற்று நிரப்பிக் கொடுத்த பக்கம் திறந்துகொள்கிறது. 'போன பௌர்ணமி கிரிவலத்தின்போது என் மனைவி அடி அண்ணாமலையில் வீட்டுக்கு வழி தெரியாமல் நின்று அழுதாள்.' அவரிடம் மட்டும் சொன்னது அது. "யார்கிட்டயும் சொல்லமாட்டேன் லட்சுமி" என்று அவர் கையிலடித்துச் சத்தியம் செய்த கிழமை, அப்போது போட்டிருந்த நீலக் கட்டம்போட்ட சட்டை, அதில் அறுந்திருந்த பொத்தான் எல்லாம் அவளுக்குத் துல்லியமாக நினைவிருக்கிறது. கதவைத் தள்ளி அவர் எட்டிப் பார்க்கிறார். "முடிஞ்சிடுச்சா? ஞாபகம் வந்துச்சா எல்லாம்?" அவள் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "எல்லாம் ஞாபகம் இருக்குதுங்க." அவர் நிம்மதியாகச் சிரிக்கிறார்.