அமல்தாஸ் வீட்டு நிலைவாசல்

“இந்த நிலையை ஒரு சாண் தூக்கி வச்சுக்கட்டுமா, மேடம்? வர்றப்பெல்லாம் முட்டிக்கிறீங்க.”

“கூடாது. தெரு முழுக்கப் பழசு மாறாம இருக்கணும்னு உத்தரவு. நீங்க நிலையைத் தூக்கினா பக்கத்து வீட்டுக்காரர் கூரையைத் தூக்குவார். என் தலைதானே, வீங்கிட்டுப் போகட்டும்.”

நெற்றியைத் தேய்த்துக்கொண்டே ஜெசிந்தா என்றோ சொன்ன பதில் அது. தீவின் பவளக்கல் வீடுகளைக் காக்க வந்த அதிகாரி அவள். சுவரில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் அவளைக் கேட்டாக வேண்டும். அமல்தாஸ் ஆணிக்குக் கேட்டான், சன்னல் கொக்கிக்குக் கேட்டான், சுண்ணாம்பு அடிக்கக்கூடக் கேட்டான். ஒவ்வொன்றுக்கும் அவள் படகேறி வந்து, நிலையில் முட்டிக்கொண்டு, அவன் போட்ட சுக்குக் காபியைக் குடித்துவிட்டுப் போனாள்.

அன்று கடைசிச் சுவரும் பூசி முடிந்திருந்தது. இனி அவன் கேட்க ஒன்றுமில்லை. அவள் வரவும் காரணமில்லை. பூச்சைப் பார்க்க வந்தவள் தன்னையறியாமல் தலை குனிந்து உள்ளே நுழைந்தாள்.

“அட, முட்டலையே!” என்றான் அவன், எதையோ பறிகொடுத்த முகத்துடன். “பழகிடுச்சா, மேடம்?”

“பழகிடுச்சு.”

அவள் திரும்பி நிலையின் விளிம்பை விரலால் தடவினாள். ஊருக்கெல்லாம் அனுமதி கொடுத்தும் மறுத்தும் பழகிய வாய்க்கு, கேட்பதுதான் வரவில்லை. படகுக்காரன் துறையிலிருந்து கூப்பிட்டான். அவள் கைப்பையைக் கீழே வைத்தாள்.

“அமல், இந்த வீட்ல எதையும் மாத்தாம, நானும் இங்கயே இருந்துக்கட்டுமா?”