கொக்கும் கோழியும்

எதிரணிக்கு எப்படித் தெரிகிறது? பயிற்சியாளர் அருள்நேசனுக்கு அதுதான் விளங்கவில்லை.

அமெரிக்கன் ஃபுட்போலில் பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும். ஒவ்வொரு முறையும் பந்தைச் சுமந்துகொண்டு ஓடலாம், அல்லது தூர எறியலாம். எது வரப்போகிறது என்று எதிரிக்குத் தெரியாதவரை பிழைப்பு ஓடும். தெரிந்துவிட்டால் கதை கந்தல்.

அதனால்தான் தன் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு தமிழ்ச் சொற்களைப் பழக்கியிருந்தார். 'கோழி' என்றால் ஓடு. 'கொக்கு' என்றால் எறி. 1989இல், லண்டனில், எந்த வெள்ளைக்காரனுக்கு இது பிடிபடும்?

"கொக்கு!" என்று கோட்டோரத்தில் நின்று கத்தினார். எறிந்த பந்து யார் கைக்குப் போகும் என்பது அந்தோனியாருக்குத்தான் வெளிச்சம். நெற்றி, நெஞ்சு, தோள் என்று ஒரு சிலுவை போட்டுக்கொண்டு பார்த்தார். பந்து கிளம்புவதற்கு முன்பே எதிரணி பின்னால் ஓடி, அது விழவேண்டிய இடத்தில் காத்து நின்றது.

அடுத்தது 'கோழி'. குளிருக்குக் கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு பார்த்தார். இந்த முறை எதிரணியில் ஒருவன்கூடப் பின்வாங்கவில்லை. நடுவில் மதிலாக நின்று மறித்தார்கள்.

பக்கத்தில் குடையோடு நின்ற விளையாட்டுக் குழுச் செயலாளர் தொண்டையைச் செருமினார்.

"மிஸ்டர் அருள், அடுத்த வருடத்துக்கு ஒரு அமெரிக்கரைப் பார்த்திருக்கிறோம். இந்த ஆட்டத்தை ஒரு நாளும் ஆடாத நீங்கள், இரசாயன ஆய்வுகூட வேலையையும் பார்த்துக்கொண்டு, மூன்று வருடம் சமாளித்ததே பெரிது."

ஆடாதது உண்மைதான். டிவியில் பார்த்து, கொப்பியில் அம்புக்குறி கீறிக் கற்றவர் அவர். முதல் வருடம் எல்லா ஆட்டத்திலும் தோல்வி. இரண்டாம் வருடம் பாதி வெற்றி. இன்று இறுதி ஆட்டம்.

"இன்றைக்கு வென்றால்?"

"வென்றால் யோசிக்கலாம்."

"அப்படியென்றால் இப்போதே யோசிக்கத் தொடங்குங்கள்."

இடைவேளையில்தான் எதிரணி ஆட்டக்காரர் உட்காரும் வாங்கில் ஒரு தமிழ் முகத்தைக் கண்டார். அட, இவனா காட்டிக்கொடுப்பவன்! உடனே சொற்களைத் தலைகீழாக மாற்றினார்: கோழி என்றால் எறி, கொக்கு என்றால் ஓடு. பலனில்லை. பிறகு சொல்லையே கைவிட்டு, மாற்று ஆட்டக்காரன் ஒருவனின் காதுக்குள் முணுமுணுத்து உள்ளே அனுப்பினார். அதுவும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கடைசிக் கட்டத்துக்கு முன், தண்ணீர்க் குழாயடியில் அந்த இளைஞனை மறித்தார்.

"தம்பி, பேரென்ன?"

"கல்யாணசுந்தரம், அண்ணை. ஸ்ட்ரெதத்திலை இருக்கிறன்."

"எங்கட பாஷையை அவங்களுக்கு வித்துப் பிழைக்கிறாய், என்ன?"

"சும்மா போங்கோ அண்ணை! நான் வாயே திறக்கேல்லை." அவர் கழுத்தில் தொங்கிய அந்தோனியார் பதக்கத்தைப் பார்த்துச் சிரித்தான். "எனக்கு வேலை வைக்காமல் உங்கட அந்தோனியாரே எல்லாத்தையும் சொல்லிப்போடுறார்."

"டேய், புனிதரை இழுக்காதை! சொல்லிப்போட்டன்."

"கோவிக்காதேங்கோ. அவர் இண்டைக்கு எங்கட பக்கம், அவ்வளவுதான்." போத்தலை நிரப்பிக்கொண்டு ஓடிவிட்டான்.

அருள்நேசன் குழாயைப் பூட்டாமல் அப்படியே நின்றார். தண்ணீர் வழிந்து சப்பாத்தை நனைத்தது.

ஆட்டம் முடிய எட்டு விநாடி. எதிரணி பதினேழு, இவர்கள் பதினான்கு. எல்லைக்கோட்டுக்கு இன்னும் நான்கு யார்டு. இருப்பது ஒரே ஒரு வாய்ப்பு. பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மூன்று புள்ளி கிடைக்கும், ஆட்டம் சமன். பந்தோடு கோட்டைக் கடந்தால் ஆறு புள்ளி, வெற்றி.

"உதைக்கச் சொல்லுங்கள்" என்றார் செயலாளர். "சமன் என்றால் நீங்களும் மரியாதையாகப் போகலாம்."

"நான் மரியாதையாகப் போக வரவில்லை. போகவே வரவில்லை."

மாற்று ஆட்டக்காரனைக் கூப்பிட்டுக் காதுக்குள் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினார். பிறகு எல்லோர் கண்ணிலும் படும்படி கோட்டோரத்துக்கு வந்து, நெற்றி, நெஞ்சு, இடது தோள், வலது தோள் என்று அவசரமில்லாமல் ஆறுதலாக ஒரு சிலுவை போட்டார்.

எதிரணி மொத்தமாகப் பின்னால் ஓடியது. நடு வெளித்தது. பந்தைக் குழந்தைபோல அணைத்துக்கொண்டு அவருடைய ஆட்டக்காரன் கெவின் அந்த வெளியால் புகுந்து எல்லைக்கோட்டைக் கடந்தான். ஒருவர் கையும் அவனில் படவில்லை.

இருபதுக்குப் பதினேழு. மழை விடவில்லை, செயலாளர் குடையை மடக்கிவிட்டுக் கைதட்டினார்.

கல்யாணசுந்தரம் மைதானத்தின் குறுக்கே மூச்சு வாங்க ஓடிவந்தான்.

"அண்ணை, இதென்ன அநியாயம்! ஓடச் சொன்னால் கையைப் பையுக்கை விடுவியள், எறியச் சொன்னால் சிலுவை போடுவியள். முழு ஆட்டமும் எங்கட கோச் அதைத்தானே பாத்துக்கொண்டு நிண்டவர்! இப்பவும் போட்டனீங்கள் எல்லோ?"

அருள்நேசன் பதக்கத்தை எடுத்து முத்திவிட்டுச் சட்டைக்குள் விட்டார்.

"சிலுவை போட்டனான்தான் தம்பி. செபம் சொல்லேல்லை."