சாக்கு ரூம்

"இன்னைக்கும் அவளை சாக்கு ரூமுக்கு அனுப்பிட்டான்" என்றாள் ராணியம்மாள், முறத்திலிருந்து கையை எடுக்காமல்.

செங்கம் ரோட்டு மல்லாட்டை மண்டி அது. வரிசையாக உட்கார்ந்து வேர்க்கடலைப் பருப்பில் சொத்தை பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வள்ளி தலையைக் குனிந்தபடி பின்பக்கம் போய்க்கொண்டிருந்தாள்.

அனுப்பியவர் சக்கரபாணி மேஸ்திரி. மண்டியில் அவருக்கு வேண்டியவர்கள் யாரும் கிடையாது. எனக்கும் அவருக்கும் பேச்சே கிடையாது. என் அண்ணன் செத்த அன்றைக்கு, "லோடு ஏத்திட்டுப் போ" என்றவர் அவர். நான் மூட்டை தூக்குகிறவன். ஏற்றிவிட்டுத்தான் போனேன். மறக்கவில்லை.

வள்ளி அடி அண்ணாமலை கிராமத்திலிருந்து நடந்து வருவாள். புருஷன் பெங்களூரில் கட்டட வேலை. கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு அப்போதுதான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். மத்தியானத்துக்குள் ரவிக்கை நனைந்துவிடும். முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்கொள்வாள். பால் கட்டிக் காய்ச்சலும் வந்தது.

"கட்ட விடாதம்மா. வேலை செய்யற எடத்துலயே பீய்ச்சி எடுத்துடு. இல்லன்னா சுரக்கறது கம்மியாகி, வத்திப்போயிடும்" என்று ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லியிருந்தாள்.

எங்கே போய் எடுப்பது? முன்பக்கம் வியாபாரிகள். பின்பக்கம் அத்தி மரத்தடியில் லாரி க்ளீனர்களின் சீட்டாட்டம். கக்கூசுக்குக் கதவு கிடையாது, கோணிப் படுதாதான். ஒருநாள் அதற்குள் போனவளைப் பார்த்து ஒரு க்ளீனர் பாட்டுப் பாடினான். பாதியிலேயே ஓடி வந்துவிட்டாள். அதற்குப் பிறகு அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"புள்ளைக்கு ராத்திரி பத்தலக்கா. சப்பிச் சப்பிப் பார்த்துட்டு அழுவுது" என்று ராணியம்மாளிடம்தான் சொன்னாள்.

"மாட்டுப்பாலை ஊத்து. ஊர்ல யாரும் ஊத்தாததா?" என்றாள் ராணியம்மாள்.

மேஸ்திரி அந்தப் பக்கமாக நடந்து போய்க்கொண்டிருந்தார். நிற்கவில்லை.

ரெண்டு நாள் கழித்து வரிசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஏய் அடி அண்ணாமலை, நாளையிலேர்ந்து மத்தியானத்துல நீ சாக்கு ரூமுக்குப் போயி சாக்கு ஒதறு. கூட எவளும் போகக்கூடாது."

சாக்கு உதறுவது யாருக்கும் பிடிக்காத வேலை. மூக்கெல்லாம் தூசி ஏறும். அந்த ரூம் மண்டிக்கு ஒதுக்குப்புறத்தில் இருந்தது. சாவி மேஸ்திரி இடுப்பில் தொங்கும்.

பேசுவதற்கு இது போதாதா?

"அவனுக்குப் பொண்டாட்டி போய்ச் சேர்ந்துட்டா. வீட்டுல கேக்க ஆள் இல்ல."

"இவ புருஷனும் ஊர்ல இல்ல."

"மூஞ்சியப் பாருங்கடி. இந்த வாரமா தெளிஞ்சுபோயிருக்கு."

அதிலிருந்து வள்ளியோடு யாரும் உட்கார்ந்து சாப்பிடவில்லை. தன் தூக்குச்சட்டியைத் திறந்து, தண்ணீர்த் தொட்டி ஓரமாகத் தனியாகச் சாப்பிட்டாள். ஏதாவது பேச வந்தால், ஒருத்தி எழுந்துபோய் ரேடியோவில் சிலோன் ஸ்டேஷனைச் சத்தமாக வைப்பாள். ஏன் என்று வள்ளிக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

அன்றைக்கு வள்ளி பின்பக்கம் போனதும் ராணியம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"இவ மாமியார் காதுல போடப்போறேன். நாளையிலேர்ந்து வேலைக்கே அனுப்பாது. ஆனா கண்ணால பார்த்துட்டுச் சொல்லணும். காசிண்ணா, நீயும் வா. உனக்கும் அவனுக்கும்தான் ஆகாதே, சாட்சிக்கு நில்லு."

மூட்டையை இறக்கிவிட்டுச் சந்தோஷமாகத்தான் போனேன்.

சாக்கு ரூம் கதவு சாத்தியிருந்தது. வெளிப்பூட்டு திறந்தபடி கொக்கியில் தொங்கியது. ராணியம்மாள் கதவைத் தள்ளினாள். அசையவில்லை.

"பார்த்தியாண்ணா" என்று என்னிடம் கிசுகிசுத்துவிட்டு, கதவைத் தடதடவென்று தட்டினாள். "வெளிய வாய்யா மேஸ்திரி."

பிறகு கதவு திறந்தது.

வள்ளி நின்றிருந்தாள். அவசரமாக முந்தானையைச் சுற்றியிருந்தாள். கையில் ஒரு டம்ளர், அதில் பாதிக்குப் பால். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ராணியம்மாள் உள்ளே எட்டிப் பார்த்தாள். அடுக்கி வைத்த சாக்குகளைத் தவிர ஒன்றுமில்லை.

"எங்கடி அவன்?"

"யாருக்கா?"

"மேஸ்திரி."

"அவரா? அவரு இங்க வர்றதே இல்லியே."

அதே நேரம் வெளிகேட்டுப் பக்கமிருந்து மேஸ்திரியின் குரல் கேட்டது. க்ளீனர்களைத் திட்டிக்கொண்டிருந்தார். "சீட்டாடணும்னா ரோட்டுல போயி ஆடுங்கடா. உள்ள எவனாவது காலை வச்சீங்க, ஒடிச்சிடுவேன்."

வள்ளி டம்ளரை மறைக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"தரையில ஊத்தினா எறும்பு மொய்க்கும், பால் வத்திடும்னு மாமியார் சொல்லுதுக்கா. பால் வடியற மரத்தடியிலதான் ஊத்தணுமாம். அதான் அத்தி மரத்துக்கு எடுத்துட்டுப் போவேன்."

ராணியம்மாள் அந்த டம்ளரைப் பார்த்தாள்.

"இப்ப புள்ளைக்குப் பத்துதா?"

"பத்துதுக்கா. குடிச்சிட்டு நல்லா தூங்குது."

அப்போதுதான் ராணியம்மாள் கதவின் உட்புறத்தைத் தடவிப் பார்த்தாள். அந்த ரூமுக்கு எந்தக் காலத்திலும் வெளிப்பூட்டு மட்டும்தான். இப்போது உள்பக்கம் புதுசாக ஓர் இரும்புத் தாழ்ப்பாள் இருந்தது.

"இது ஏதுடி?"

"மேஸ்திரி அடிச்சாரு. என்னை உள்ள நிக்கவச்சு தாழ்ப்பாள் போடச் சொல்லிட்டு, வெளியிலேருந்து தோளால மோதி மோதித் தள்ளிப் பார்த்தாருக்கா. கதவு அசையல. 'என்னாலயே தொறக்க முடியல, இனிமே பயப்படாத'ன்னு சொல்லிட்டுப் போனாரு."